எந்த வேலைக்குப் பயிற்சி?

அரசு செலவில் நடக்கும் குறுகிய காலப் பயிற்சிகளுக்கு எந்தெந்தத் தொழில்களைத் தேர்ந்தெடுப்பது என்ற பட்டியலைத் தயாரிக்கும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தேன். கொங்குப் பகுதியில் ஒரு மாவட்டம் என்று சொன்னால் போதும். 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம் 2021இல் மூன்றாம் கட்டத்துக்கு வந்தபோது, மாவட்டத் திறன் குழுக்களுக்குக் கொஞ்சம் குரல் கிடைத்தது. ஆட்சியர் தலைமை, தொழில் மையப் பொது மேலாளர், திறன் பயிற்சி அலுவலக உதவி இயக்குநர், ஐ.டி.ஐ. முதல்வர், முன்னோடி வங்கி மேலாளர், உற்பத்தியாளர் சங்கத்தார் எல்லாரும் வந்து உட்காருவார்கள். அவர்கள் கூடுவதற்கு முன்பு மேசையில் இருக்க வேண்டிய தாளைத் தயார் செய்வது என் பொறுப்பு.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது எளிய கணக்காகத் தெரியும். எங்கே ஆள் தட்டுப்பாடோ அந்த வேலைக்குப் பயிற்சி கொடுக்க வேண்டியதுதானே? அந்தக் கேள்வியோடுதான் எல்லாக் கூட்டங்களும் தொடங்கும். பெரும்பாலும் அதிலேயே முடிந்தும் விடும்.

ஒருமுறை ஒரு நூற்பாலையின் மனிதவள மேலாளர் வந்திருந்தார். "எனக்கு உடனே இருநூறு பேர் வேண்டும் சார். நாளைக்கே அனுப்பினாலும் எடுத்துக்கொள்கிறேன்" என்றார். கூட்டத்தில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. நடவடிக்கைக் குறிப்பில் இருநூறு ஏறியது. தேநீர் வந்த நேரத்தில் அவர் பக்கத்தில் போய் நின்று, போன வருடம் எத்தனை பேர் விலகினார்கள் என்று கேட்டேன். சிரித்தார். "தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்புவதில்லை சார்." சரி, பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வருகிறவருக்கும் சும்மா வருகிறவருக்கும் சம்பளத்தில் என்ன வித்தியாசம்? "சேரும்போது எல்லாருக்கும் ஒன்றுதான். டாஃபிங் (நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றி மாற்றுவது) பழகப் பத்து நாள் போதும். சைடர் (நூற்கும் மிஷின் பக்கத்தைக் கவனிப்பவர்) ஆக மூன்று மாதம் ஆகும். அதை நாங்களே மிஷினில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்துவிடுவோம்."

மனிதர் ஒளிக்காமல் சொன்னார். அவருக்கு வேண்டியது பயிற்சி பெற்றவர் இல்லை, ஆள். ஆள் தேடித் தரும் செலவை அரசு ஏற்றால் யார் வேண்டாம் என்பார்கள்? அவர் சொன்ன இருநூறு என்பது வளரும் தொழிலின் தேவை இல்லை. ஓட்டைக் குடத்தில் ஒவ்வொரு வருடமும் ஊற்ற வேண்டிய தண்ணீரின் அளவு. அதற்குப் பிறகு காலியிடம் என்ற எண் எந்தத் தாளில் வந்தாலும், அதற்குப் பக்கத்தில் விலகியவர்கள் எத்தனை என்று ஒரு கட்டம் போடத் தொடங்கினேன். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்தைக் காலியாகவே திருப்பி அனுப்பின. அதுவும் ஒரு பதில்தான்.

இதில் உள்ள வேடிக்கை என்னவென்றால், பணம் கொடுக்கும் முறையே இப்படிப்பட்ட வேலைகளின் பக்கம் பட்டியலைத் தள்ளியது. 2015இல் மத்திய அரசு அறிவித்த பொதுச் செலவு விதிகளின்படி பயிற்சி நிறுவனத்துக்குப் பணம் அப்போது மூன்று தவணையாக வந்தது: வகுப்பு தொடங்கியதும் 30 சதவீதம், தேர்வு முடிந்து சான்றிதழ் வந்ததும் 50, வேலையில் சேர்த்ததைக் காட்டினால் கடைசி 20. அந்த 20 முழுவதும் கிடைக்க, சான்றிதழ் பெற்றவர்களில் 70 சதவீதம் பேராவது மூன்று மாதத்துக்குள் வேலையில் இருக்க வேண்டியிருந்தது. நல்ல விதி போலத்தான் தெரிந்தது. ஆனால் பயிற்சி மையத்தின் உரிமையாளர் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். எழுபது சதவீதத்தை எளிதாக எட்ட எந்த வேலை வசதி? வாசலில் வந்து நின்றவரையெல்லாம் எடுத்துக்கொள்ளும் வேலை. அதாவது, யாரும் நிலைத்து நிற்காத வேலை. ஆறாவது மாதம் அந்தப் பையன் எங்கே இருக்கிறான் என்பதற்குத் தவணை இல்லை.

விருப்பக் கடிதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு தொழிற்பிரிவைப் பட்டியலில் சேர்க்க, அதற்கு ஆள் எடுக்கத் தயார் என்று நிறுவனங்கள் கடிதம் தர வேண்டும் என்று கேட்டோம். கட்டுக் கட்டாக வந்தன. ஒருநாள் மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் கடிதத்தாளில் வந்த மூன்று கடிதங்களை அடுத்தடுத்துப் படித்தேன். மூன்றிலும் 'பயிற்ச்சி' என்று ஒரே இடத்தில் ஒரே பிழை. மூன்றையும் தட்டச்சு செய்த கணினி எந்த மையத்தில் இருந்தது என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவைப்படவில்லை. கடிதத்துக்குச் செலவில்லை, கையெழுத்துப் போட்டவர் ஒரு ஆளைக்கூட எடுக்காவிட்டாலும் கேட்பாரில்லை. அதன்பின் கடிதத்தோடு, அதே வேலையில் புதிதாகச் சேர்ந்த ஒருவரின் சம்பளச் சீட்டையும், ஒரு வருடம் முடித்தவரின் சம்பளச் சீட்டையும் பெயரை மறைத்து இணைக்கச் சொன்னோம். கட்டு சட்டென்று மெலிந்துபோனது.

மறுபக்கம், ஆள் கிடைக்காமல் உண்மையிலேயே திணறும் வேலைகள் பட்டியலுக்குள் வரவே மறுக்கும். கரூரில் பஸ் பாடி கட்டுகிற கூடங்கள், நாமக்கல் பக்கம் லாரி பாடி பட்டறைகள் இங்கெல்லாம் சி.ஓ.டூ வெல்டிங் (கரியமில வாயுவைப் பாய்ச்சியபடி, துப்பாக்கி போன்ற கருவியால் பற்றவைப்பது) தெரிந்த பையன் என்றால் முதல் நாளே சம்பளம் வேறு. ஹெல்ப்பராக நுழைந்தவன் அந்தத் துப்பாக்கியைக் கையில் வாங்கவே ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். தன் தகட்டை யார் ஓட்டை போட்டுப் பழக விடுவார்? பயிற்சிக்கென்று அரசு பணம் செலவழிக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஆனால் விண்ணப்பிக்கும் மையங்களில் வெல்டிங் கேட்பவர் அபூர்வம். கேட்பவரும் சாதாரண ஆர்க் வெல்டிங் கேட்பார்; அது கிரில் பட்டறைக்கு ஆகும், பஸ் பாடிக்கு ஆகாது.

காரணம் கணக்கில் இருக்கிறது. பொதுச் செலவு விதிகள் தொழில்களை மூன்று வகையாகப் பிரிக்கின்றன. ஒரு மாணவருக்கு ஒரு மணி நேரத்துக்குத் தொடக்கத்தில் வைத்த தொகை முதல் வகைக்கு ரூ.38.50, இரண்டாவதற்கு ரூ.33, மூன்றாவதற்கு ரூ.27.50. பின்னர் கூட்டினார்கள், ஆனால் இடைவெளியின் தன்மை மாறவில்லை. மேலுக்கும் கீழுக்கும் 11 ரூபாய். முப்பது பேர், முந்நூறு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு வகுப்பு முழுவதற்கும் கூடுதலாகக் கிடைப்பது 99,000 ரூபாய். அந்தத் தொகைக்குள் மிஷின், நின்று வெல்டிங் செய்யத் தடுப்புக் கூண்டு, வாயு சிலிண்டர், கம்பிச் சுருள், வெட்டிப் பழக இரும்புத் தகடு, கையுறை, மும்முனை மின் இணைப்பு எல்லாம் அடங்க வேண்டும். இன்னொரு பக்கம், வாடகைக்கு ஒரு மாடி பிடித்து இருபது கணினி வைத்தால் தரவுப் பதிவுப் பயிற்சி நடத்திவிடலாம். அதே கணினியில் அடுத்த வகுப்பையும் அதற்கடுத்ததையும். மையம் நடத்துகிறவர் வியாபாரி. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தரவுப் பதிவு ஆட்களுக்கு எங்கள் மாவட்டத்தில் யார் வேலை தரப்போகிறார்கள் என்று கேட்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும்.

புள்ளிவிவரம் கைகொடுக்காதா என்று கேட்பார்கள். மத்திய அரசின் காலமுறைத் தொழிலாளர் ஆய்வு 2017 முதல் நடக்கிறது. ஆனால் அது தொழில்களைத் தேசிய வகைப்பாட்டின் மூன்று இலக்கக் குறியீட்டில்தான் பதிகிறது. நாங்கள் பணம் ஒதுக்கும் தொழிற்பிரிவுகளோ எட்டு இலக்கக் குறியீடு கொண்டவை. மூன்று இலக்கத்தில் 753 என்றால் ஆடைத் தொழில் சார்ந்த கைவினைஞர்கள் அத்தனை பேரும். திருப்பூரில் பேட்டர்ன் வெட்டுகிறவரும், தெருமுனையில் பேண்ட் சுருக்கித் தருகிறவரும் ஒரே பெட்டிக்குள். இவர்களில் யாருக்குத் தட்டுப்பாடு என்று அந்தப் பெட்டி சொல்லாது. அதிலும் பல ஆண்டுகள் மாவட்ட அளவில் நம்பக்கூடிய எண்ணே அதில் கிடைத்ததில்லை. 2025இல் மாதிரி வடிவமைப்பை மாற்றித்தான் மாவட்டத்தை அடிப்படை அலகாக்கினார்கள். ஆக, சங்கத்தாரிடம் கேட்பதும், பட்டறை வாசலில் நிற்பதும்தான் எங்களுக்கு இருந்த ஆய்வு.

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவில் 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம், ஏழை மாணவர்களுக்கான பெல் உதவித்தொகையை 2026 ஜூலை முதல் குறுகிய காலப் பயிற்சிகளுக்கும் திறந்துவிடுகிறது: எட்டு வாரத்துக்குக் குறையாமல் பதினைந்து வாரத்துக்கு உட்பட்டவை, 150 முதல் 599 மணி நேரம். எந்தப் பயிற்சி தேவை மிகுந்த தொழிலுக்கோ, உயர்திறன் அல்லது நல்ல ஊதியம் தரும் தொழிலுக்கோ இட்டுச் செல்கிறது என்று மாநில ஆளுநர் சான்று தர வேண்டும். (அங்கே ஆளுநர் தேர்ந்தெடுக்கப்பட்டவர், நம் ஊர் ஆளுநரை நினைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 70 சதவீதம் பேர் முடித்திருக்க வேண்டும், 70 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்திருக்க வேண்டும் என்ற எண்களைப் பார்த்ததும் பழகிய முகத்தைப் பார்த்தது போல இருந்தது. ஆனால் மூன்றாவதாக ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள்: பயிற்சிக் கட்டணம், முடித்தவர்கள் ஈட்டும் கூடுதல் வருமானத்தைத் தாண்டக்கூடாது. கூடுதல் வருமானம் என்பதை வறுமைக்கோட்டின் ஒன்றரை மடங்குக்கு மேல் ஈட்டுவது என்று கணக்கிடுகிறார்கள். சூத்திரத்தில் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் அந்த நூற்பாலை மேலாளரிடம் தேநீர் நேரத்தில் நான் ஓரமாகக் கேட்ட கேள்வியை அவர்கள் சட்டத்துக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

எல்லாவற்றையும் சம்பளத்தில் அளந்துவிட முடியுமா என்றால், முடியாது என்று எனக்குக் காட்டியவர் ஒரு கிராமத்து முகாமுக்கு வந்த பெண். முப்பது வயதிருக்கும். கம்பெனித் தையல் மிஷின் இயக்கும் பயிற்சியைப் பற்றி விளக்கினோம். வேன் வரும், பி.எஃப். உண்டு என்றோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "லைனிங் வைத்த பிளவுஸ் சொல்லித் தருவீர்களா சார்?" என்றார். கம்பெனிக்குப் போனால் சம்பளம் நிச்சயம் ஆயிற்றே அம்மா என்றதற்கு அவர் கையிலேயே கணக்கு இருந்தது. மாமியாருக்குச் சர்க்கரை நோய், பிள்ளை மூன்றாம் வகுப்பு, ஒன்றரை ஷிப்டு என்றால் வீடு திரும்ப இரவாகிவிடும். சாதாரண பிளவுஸ் ஏற்கெனவே தைக்கிறார். லைனிங் தெரியாததால் கல்யாண சீசனில் வருகிற துணியெல்லாம் டவுனுக்குப் போகிறது. அவருக்குத் தேவை முந்நூறு மணி நேரமும் இல்லை, நாற்பது மணி நேரம் போதும். அப்படி ஒரு தொழிற்பிரிவு எங்கள் பட்டியலில் இல்லை. சுயதொழில் தையல் என்று ஒன்று உண்டு. அது ஊசியில் நூல் கோப்பதிலிருந்து தொடங்கும். காலியிடக் கணக்கில் அவருடைய தேவை ஒருபோதும் வராது, ஏனென்றால் அவரை வேலைக்கு எடுக்க எந்த நிறுவனமும் விளம்பரம் கொடுக்கப்போவதில்லை.

நோயாளி பராமரிப்பு உதவியாளர் விஷயத்தில் குழு இரண்டாகப் பிரிந்தே இருந்தது. மருத்துவமனைகள் கேட்கின்றன, சரி. ஆனால் படுக்கை விரிப்பு மாற்றவும் நோயாளியைத் துடைத்துவிடவும் சான்றிதழோடு வருகிறவருக்கு, ஏற்கெனவே அங்கிருக்கும் ஆயாவின் சம்பளம்தான். வீட்டில் தங்கி முதியவர்களைக் கவனிக்கும் வேலைக்குக் கோவையில் இதைவிட நல்ல பணம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகள் அங்கே எத்தனை! அதற்கு முன்பின் தெரியாத வீட்டில் இரவும் பகலும் இருக்க வேண்டும். இருபது வயதுப் பெண்ணை எந்தப் பெற்றோர் அனுப்புவார்கள்? போகத் தயாராக இருப்பவர்கள் நாற்பதைத் தொட்ட, பிள்ளைகளை வளர்த்து முடித்த பெண்கள். கிராமப்புற இளைஞர்களுக்கான தீனதயாள் உபாத்யாய திட்டத்தில் பெண்களுக்கு வயது வரம்பு 45 வரை நீள்கிறது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. எங்கள் சுவரொட்டியில் எப்போதும் இருபது வயதுப் பெண் ஒருத்தி ஃபைல் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பாள். தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போதே யார் வருவார்கள் என்பதையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம்; யார் வருவார்கள் என்ற கோப்பு மட்டும் வேறு மேசையில் இருக்கும்.

வெல்டிங் கடைசியில் பட்டியலில் ஏறியது, நாங்கள் எழுதிய குறிப்பின் வலுவால் அல்ல. ஐ.டி.ஐ. முதல்வர் ஒரு கூட்டத்தில், தங்கள் வெல்டிங் கூண்டுகள் மதியத்துக்குப் பிறகு சும்மாதான் கிடக்கின்றன என்று போகிறபோக்கில் சொன்னார். பாடி கட்டும் சங்கத்தின் செயலாளர் அப்போதே எழுந்து, வெட்டி மிச்சமாகும் தகடுகளைத் தருகிறோம், பழைய சி.ஓ.டூ மிஷின் இரண்டையும் தருகிறோம் என்றார். வாரத்தில் இரண்டு நாள் பையன்கள் பட்டறைக்கு வந்து பெரிய வேலையைப் பார்க்க வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. எல்லாரும் தலையசைத்தார்கள். பிரச்சினை கைரேகையில் வந்தது. வருகைப் பதிவு ஆதாரோடு இணைந்தது, பயிற்சி மையத்தில் மட்டுமே வைக்க முடியும்; பட்டறையில் கழித்த நாள் விடுப்பாகிவிடும். பட்டறையிலும் ஒரு கருவி வைக்க அனுமதி கேட்டு எழுதினோம். அது அங்கீகரிக்கப்பட்ட மையம் இல்லை என்று பதில் வந்தது. ஆகவே அந்த இரண்டு நாளும் பையன்கள் மதியம் ஐ.டி.ஐ.க்கு வந்து ரேகை வைத்தார்கள், வேனில் ஏறிப் பட்டறைக்குப் போனார்கள், இருட்டிய பிறகு திரும்பி வந்து இன்னொரு முறை ரேகை வைத்தார்கள். வேன் வாடகையைச் சங்கம் கொடுத்தது. எங்கள் செலவுத் தலைப்புகளில் அதற்கு இடமில்லை.