கான் யாருடையது? ஓர் ஒழுங்கை வெள்ளமும் சில கந்தோர்களும்

கான், அதாவது தெருவோர வடிகான், அடைபட்டிருக்கிறது என்று மாநகர சபைக்கு முறைப்பாடு கொடுக்கப் போகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கான் எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். அது யாருடைய கான் என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பதில் கையில் இல்லாமல் போனால் அந்தக் காலைப்பொழுது வீண்.

கொழும்பு மாவட்டத்தில் கொழும்பு, தெஹிவளை-கல்கிசை, சிறி ஜயவர்தனபுர கோட்டை, மொறட்டுவை, கடுவெல என்று ஐந்து மாநகர சபைகள் இருக்கின்றன. அதில் ஒன்றுக்குள்தான் எங்கள் ஒழுங்கை. எது என்று எழுதவில்லை. எழுதினால் அங்கே கவுண்டரில் இருக்கிற கிளாக்கர் யாரென்று தெரிந்துவிடும், எனக்கோ இன்னும் அவரிடம் வேலை மிச்சமிருக்கிறது.

மழை ஒரு மணித்தியாலம் விடாமல் பெய்தால் ஒழுங்கையின் கீழ்ப்பக்க வீடுகளுக்குள் தண்ணீர் வரும். இது நேற்று இன்றைய கதை இல்லை. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது, தேர்தல் தள்ளிப்போனது, 2025 மே 6 வரைக்கும் உறுப்பினர் என்று கூப்பிட ஒருவரும் இல்லை. ஆணையாளரின் கையெழுத்தில்தான் எல்லாம் நடந்தது. "தேர்தல் முடியட்டும்" என்றுதான் அந்த இரண்டு வருடமும் பதில். தேர்தலும் முடிந்தது. ஜூன் மாதம் ஒரு பின்னேர மழைக்கு முன்வீட்டு அன்ரியின் குளிர்சாதனப் பெட்டி தண்ணீருக்குள் நின்று மோட்டர் போனது. ஒழுங்கைக்காரர் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டிலிருந்து வேலை செய்கிறவள், 'நேரம் இருக்கிற பிள்ளை' என்று எனக்குப் பேர்.

கடிதத்தைத் தமிழில் எழுதி, பதினேழு வீட்டுக்காரரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்தவர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, பக்கம் புரட்டாமலே திருப்பித் தள்ளினார்.

"சிங்களத்தில எழுதிக்கொண்டு வாங்க மிஸ். இதை வாசிக்க ஆள் இல்ல."

சிங்களம் நிர்வாக மொழியாக இருக்கிற இடத்திலும் தமிழில் கடிதம் கொடுக்கவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பின் 22(2) உறுப்புரையில் உரிமை இருக்கிறது. அதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். "சட்டம் சரி மிஸ், ஆனா டைப் பண்ணுற பிள்ளை லீவு." வழக்குப் போட்டால் வெல்லலாம், ஆனால் வழக்கு முடியும்வரை மழை காத்திருக்காது. மேல்வீட்டுச் சிங்கள அங்கிள் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். கந்தோர்ச் சிங்களத்தில் அழகாக ஒரு பக்கம் அடித்துத் தந்தார். தமிழ்க் கடிதத்தை மேலே வைத்து அதைக் கீழே இணைத்தேன். தமிழைக் கழற்றிவிட்டுக் கொடுக்க மனம் வரவில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் வாங்குவார்கள். வாங்கினார்கள்.

வாங்கியதும் மேலே சொன்ன கேள்வி வந்தது: யாருடைய கான்? எங்கள் ஒழுங்கைக் கான் பெரிய வீதிக் கானில் விழுகிறது. அது வீதிக்குக் கீழே மதகு வழியாகப் போய்க் கால்வாயில் சேர்கிறது. ஒழுங்கை சபைக்குரியது. பெரிய வீதி ஏ தர வீதி, அது வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. கொழும்புக் கால்வாய்கள் இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் கையில். ஒரே தண்ணீர்தான், முந்நூறு மீற்றருக்குள் மூன்று சொந்தக்காரர். "பிரச்சினை பெரிய வீதியில, அங்க போங்க" என்றார் கிளாக்கர். ஒழுங்கைக்கு வந்து பார்த்துவிட்டா சொன்னார் என்று கேட்காதீர்கள்.

வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் போனேன். பொறியியலாளர் ஒருவர் இருக்கச் சொல்லி, படத்தை விரித்துக் காட்டி, தங்கள் கான் எங்கே தொடங்குகிறது என்று விரலால் கோடு போட்டார். "எங்கட பக்கம் ஓடுது. உங்கட ஒழுங்கையிலயிருந்து தண்ணி வந்து விழுதா என்று மழை நேரத்தில நின்று பாருங்கோ. விழாட்டி அடைப்பு உங்கட பக்கம்." இப்படி ஒரு வார்த்தையை மாநகர சபையில் யாராவது சொல்லியிருந்தால் ஒரு மாதம் மிச்சம். அடுத்த மழைக்குக் குடையோடு போய் நின்று ஃபோனில் வீடியோ எடுத்தேன். வீதிக் கான் பாதிக்குத்தான் ஓடுகிறது. எங்கள் ஒழுங்கைக் கானின் வாயிலிருந்து வருவது குழாய் லேசாக ஒழுகுவது மாதிரி. பின்னால் திரும்பினால் ஒழுங்கை குளம். இந்த வீடியோவை எல்லோரும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பத்துக் கடிதத்துக்குச் சமம்.

இதற்கிடையில் இளம் பெடியள் பொறுமை இழந்து ஒரு போயா நாளில் சிரமதானம் வைத்தார்கள். நல்ல மனசுதான். மூடி இல்லாத இடத்தில் இறங்கி, வாளி வாளியாகச் சேற்றை அள்ளி ஒழுங்கை ஓரத்தில் குவித்தார்கள். அன்ரி எல்லோருக்கும் வட்டிலப்பம் கொடுத்தார். அடுத்த நாள் குப்பை லொறிக்காரர் சேற்றைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். அது வீட்டுக் குப்பை இல்லையாம், அதற்கு வேறு லொறியாம், அந்த லொறிக்கு வேறு கடிதமாம். மூன்றாம் நாள் மழை வந்து குவியல் முழுவதையும் அப்படியே கானுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. சிரமதானம் வைக்கிறவர்கள் சேறு ஏற்றுவதற்கு டிரக்டருக்கு ஆள் பேசிவிட்டு மண்வெட்டியைத் தூக்குங்கள்.

பிறகு டெங்கு பரிசோதனை. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஒருவரும் இரண்டு பொலிஸ்காரரும் வீடு வீடாக வந்தார்கள். அன்ரியின் பூச்சாடித் தட்டில் நுளம்புக் குடம்பி. நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவருக்கு அறிவித்தல். குளிர்சாதனப் பெட்டியும் போய், இப்போது இதுவும். அன்ரி என்னைப் பார்த்து, "கானுக்கு ஃபைன் போட ஆளில்லையா மகள்?" என்றார். எனக்கும் அதே எரிச்சல்தான். பி.எச்.ஐ.யைக் கையோடு கானடிக்குக் கூட்டிப்போனேன்.

அவர் குனிந்து பார்த்துவிட்டு, டெங்கு நுளம்பு இப்படி நாறுகிற தண்ணீரில் அதிகம் முட்டை இடாது, தெளிந்த தண்ணீரைத்தான் தேடும் என்றார். சரி, இவரும் கழற்றுகிறார் என்று நினைத்தேன். ஆனால் கானின் கரையில் செருகிக் கிடந்த யோகட் கோப்பையைப் பேனையால் நிமிர்த்தினார். உள்ளே மழைத்தண்ணீர், அதற்குள் நெளிகிற குடம்பிகள். "இதுதான் ஆபத்து. தண்ணி ஓடாட்டி இதெல்லாம் இங்கதான் தங்கும்" என்று சொல்லி, தன் அறிக்கையில் ஒரு வரி எழுதினார்: வடிகான் அடைபட்டுள்ளது, உடன் சுத்தம் செய்யப்பட வேண்டும். பதினேழு கையெழுத்துப் போட்ட எங்கள் கடிதத்தைவிட அந்த ஒரு வரி பின்னால் எவ்வளவு வேலை செய்தது! உங்கள் வீட்டுக்குப் பி.எச்.ஐ. வந்தால் பயந்து ஒளியாதீர்கள். கானைக் காட்டுங்கள், எழுதச் சொல்லுங்கள், எழுதிய திகதியைக் குறித்துவையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கவுண்டரில் "கடிதம் மேல போயிருக்கு" என்பதுதான் பதில். மேல என்றால் எந்த மாடி என்று கேட்டால் தெரியாது. அப்போதுதான் மேல்வீட்டு அங்கிள், தான் வேலை செய்த காலத்தில் இல்லாத ஒரு வழி இப்போது இருக்கிறதே என்றார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம். எங்களில் பலர் அதைப் பத்திரிகைக்காரருக்கு உரிய சட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒழுங்கைக் கானுக்கும் அது செல்லும்.

முறைப்பாடாக எழுதினால் வேலை இல்லை, கேள்வியாக எழுதவேண்டும். "கானைத் துப்புரவு செய்து தாருங்கள்" என்பது இந்த விண்ணப்பத்தில் செல்லாது. நான் கேட்டவை இவைதான்: இந்த ஒழுங்கை சபையின் வீதிப் பதிவேட்டில் உள்ளதா, அந்தப் பக்கத்தின் பிரதி, வடிகான் கடைசியாகச் சுத்தம் செய்யப்பட்ட திகதிகள், அதற்கான பதிவின் பிரதி, ஜூன் மாதம் கொடுத்த கடிதம் இப்போது எந்த உத்தியோகத்தரிடம் உள்ளது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டிய அவசியம் சட்டத்தில் இல்லை. கிளாக்கர் கேட்கத்தான் செய்தார், "தெரிஞ்சுகொள்ள" என்று மட்டும் சொன்னேன். கிடைத்தது என்பதை எழுத்தில் தரவேண்டும், அது கைக்கு வரும்வரை இடத்தைவிட்டு எழும்பாதீர்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லியாகவேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீட்டுக்கு ஒரு மேலதிகாரி, அவருக்கும் மேலே ஆணைக்குழு. அந்தத் தாளைக் கண்ட பிறகுதான் முதன்முதலாக அந்தக் கந்தோரில் எனக்குக் கதிரை கிடைத்தது.

பதில் நேரத்துக்கு வந்தது. சில பக்கங்கள்தான், காசும் கேட்கவில்லை. வீதிப் பதிவேட்டில் எங்கள் ஒழுங்கை, நீளம், அகலம், பக்கத்தில் 'வடிகான்' என்று பச்சை மையில் எழுதியிருந்தது. ஆக, கான் சபையினுடையது. அடுத்த பக்கத்தைப் பார்த்து ஒழுங்கையே சிரித்தது: ஏப்ரல் மாதம் கான் சுத்தம் செய்யப்பட்டதாகப் பதிவு! சித்திரைப் புத்தாண்டுக் கிழமை அது. அந்தக் கிழமை எங்கள் ஒழுங்கைக்கு வந்த ஒரே ஆள் ஐஸ்கிறீம்காரர்.

இதையும் பி.எச்.ஐ. அறிக்கைத் திகதியையும் வீடியோவையும் எடுத்துக்கொண்டு புதிய வட்டார உறுப்பினரிடம் போனோம். ஒழுங்கையின் பாதிப் பேர் அவருக்கு வாக்குப் போட்டிருக்கமாட்டார்கள், அது அவருக்கும் தெரியும். ஏப்ரல் பதிவை இரண்டு தரம் வாசித்தார். அதற்குப் பிறகு எல்லாம் கடகடவென்று நடந்தது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்தார், அளந்தார், அடுத்த கிழமை ஆட்கள் வந்தார்கள்.

அலவாங்கு போட்டு மூடிகளை ஒவ்வொன்றாக நெம்பினார்கள். முதல் சில மூடிகளுக்குக் கீழே எதிர்பார்த்ததுதான்: தம்பிலிக் கோம்பை, பொலித்தீன், ஒற்றைச் செருப்பு, யாரோ ஒரு பிள்ளையின் தண்ணீர்ப் போத்தல். புதிதாக எழும்பிய அடுக்குமாடிக்கு முன்னால் உள்ள மூடியைத் தூக்கியபோது வேலையாட்கள் பேசாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதற்குக் கீழே கானே இல்லை. கட்டட வேலை நடந்த காலத்தில் கழுவிவிட்ட சீமெந்துப் பால் ஓடி இறுகி, கானின் அரைவாசிக்குச் சாம்பல் நிறப் பாறையாக நிற்கிறது. அதற்கு மேலால் குறுக்கே ஒரு பிளாஸ்டிக் குழாய், அந்த மாடியின் மழைத்தண்ணீரைக் கொண்டுவந்து விடுவதற்கு. குழாயில் குப்பை மாட்டி அணை கட்டியிருக்கிறது. எங்கள் பெடியள் அன்றைக்கு அள்ளியதெல்லாம் அணைக்கு இந்தப் பக்கச் சேறு.

பாறையை உடைக்கச் சிறிய பிறேக்கர் மெஷின் கொண்டுவந்து பகல் முழுவதும் அடித்தார்கள். மாடியின் முகாமையாளர் இறங்கிவந்து, சத்தத்தால் குடியிருப்பாளர்கள் முறையிடுகிறார்கள் என்றார். அன்ரி தன் குளிர்சாதனப் பெட்டியின் கதையை அவருக்கு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். அவர் திரும்பிப் போய்விட்டார். அந்தக் குழாய்க்கு அனுமதி இருந்ததா என்று கேட்டுச் சபை கடிதம் அனுப்பியிருக்கிறது. பதில் வந்ததாகத் தெரியவில்லை. வராவிட்டால் அதற்கும் ஒரு கேள்வி விண்ணப்பம் எழுதுவேன்.

சிலருக்கு உதவக்கூடும் என்பதற்காக: பொதுமக்கள் தினத்தன்று போங்கள், கூட்டம் இருக்கும், ஆனால் கையெழுத்துப் போடுகிறவர்களும் இருப்பார்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தரைப் பிடிக்க எட்டரைக்கே போங்கள், பத்து மணிக்குமேல் அவர் வெளியே. வீட்டுக்காகச் சபைக்குக் கட்டுகிற சோலைவரியின் பற்றுச்சீட்டைக் கொண்டுபோங்கள். ஜனவரி 31க்குள் முழு வருடத்தையும் கட்டினால் வருகிற 10 சதவீதக் கழிவைவிட, 'ஒழுங்காகக் கட்டுகிற ஆள்' என்று மேசையில் வைக்கிற அந்தத் தாளின் மதிப்பு அதிகம். கையில் கொடுத்தால் பிரதியில் சீல், இல்லாவிட்டால் பதிவுத் தபால். வாய்ப்பேச்சுக்குப் பைலில் இடமில்லை.

ஒக்டோபர் கடைசியில் இடியோடு கொட்டிய மழைக்கு ஒழுங்கையில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டவில்லை, அரை மணித்தியாலத்தில் வடிந்தது. ஆனால் மூடி நெம்பும்போது எங்கள் கேற்றடி மூடி இரண்டாகப் பிளந்துவிட்டது. இப்போதைக்கு ஒரு பலகை போட்டிருக்கிறோம், இருட்டினால் முச்சக்கரவண்டிக்காரர் உள்ளே வர மறுக்கிறார். புதிய மூடிக்குக் கேட்டேன். துப்புரவு வேறு பிரிவாம், கொங்கிறீட் வேலை வேறு பிரிவாம், தனிக் கடிதம் வேண்டுமாம். திங்கட்கிழமை கொடுத்துவிட்டேன், பிரதியில் சீலும் வாங்கிவிட்டேன்.