பன்னீர் ரோஜா: பூ முடிந்ததும் எந்த இடத்தில் வெட்டுவது?

கார்த்திகையில் கவாத்து செய்து (கிளைகளை வெட்டிவிட்டு) முடித்த பிறகு எங்கள் வீட்டுப் பன்னீர் ரோஜா இன்னும் ஓயவில்லை. ஒரு சுற்றுப் பூ முடிவதற்குள் அடுத்த சுற்று மொட்டு தலைகாட்டிவிடுகிறது. பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப்புறம் நின்று, "அப்படி என்னதான் உரம் போடுற?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். உரம் எல்லாரும் போடுவதுதான்: மக்கிய சாணம், ஊறவைத்த கடலைப் புண்ணாக்கு, கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு. நான் மெனக்கெடுவது கத்திரியில்.

எங்கள் பக்கம் பன்னீர் ரோஜா என்று கேட்டால் எட்வர்ட் ரோஸைத்தான் தருவார்கள். மதுரை வெயில், உப்புப் பிடித்த போர் தண்ணீர், மாடியிலிருந்து விழும் தூசி எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளும். அமெரிக்காவில் ரோஜா வளர்ப்பவர்கள் 2000-இல் வந்த நாக் அவுட் ரகத்தைப் பராமரிப்பே வேண்டாத செடி என்று கொண்டாடுகிறார்கள். வளர்த்துக்கொள்ளட்டும். நமக்கு வாசனையோடு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. இந்த எட்வர்ட் ரோஸின் பூர்வீகம் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவு. அப்போது அதற்குப் போர்போன் தீவு என்று பெயர். வேலியில் வைத்திருந்த சீன ரோஜாவும் இலையுதிர்கால டமாஸ்க் ரோஜாவும் தானாகக் கலந்து உண்டானது என்கிறார்கள். 1817-இல் பிரெயோன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் அதைக் கவனித்து, பிற்பாடு பாரிஸுக்கு விதை அனுப்பினார்.

இந்தப் பழங்கதை எதற்கென்றால், மறுபடி மறுபடி பூக்கும் குணம் முக்கியமாகச் சீன ரோஜா வழியில் வந்தது. வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் ரோஜாக்களில், பருவம் வரும்வரை பூவை அடக்கிவைக்கும் ஒரு மரபணு உண்டு. சீன ரோஜாவில் அது பழுது. அதனால் பருவம் பார்க்காமல், புதிதாக வரும் கிளையெல்லாம் நுனியில் மொட்டு கட்டும். ஆக, பூ வேண்டும் என்றால் புதுக்கிளை வேண்டும். புதுக்கிளை எங்கிருந்து வர வேண்டும் என்பதை நாம் வெட்டுகிற இடம்தான் முடிவு செய்கிறது.

மாலை கட்டுபவர்களுக்கு உதிரிப்பூ போதும், அதனால் தோட்டத்தில் காம்பை விட்டுவிட்டுக் கிள்ளுவார்கள். வீட்டிலும் பூஜைக்கு அப்படியே கிள்ளினால், பூவுக்கு நேர் கீழே இருக்கும் கணு முதலில் முளைக்கும். அங்கே இலைகள் பெரும்பாலும் மூன்று சிற்றிலையோடு இருக்கும், கணுவிலும் தெம்பு இருக்காது. ஈர்க்குச்சி மாதிரி ஒரு கிளை வந்து, அதன் தலையில் ஒற்றைப் பூ தொங்கும். கொஞ்சம் கீழே இறங்கினால் ஐந்து சிற்றிலை உள்ள இலை வரும். அதன் கக்கத்தில் இருக்கும் கணு தடிமனாக, சில சமயம் லேசாகச் சிவந்து புடைத்திருக்கும். அது செடிக்கு வெளிப்பக்கம் பார்த்திருந்தால் அதற்கு மேலே வெட்டுவேன், உள்பக்கம் பார்த்திருந்தால் இன்னும் ஒரு கணு இறங்குவேன். நடுவில் கிளை அடைத்துக்கொண்டால் பனிக்காலத்தில் இலை ஈரம் காயாது, கரும்புள்ளி நோய்க்கு அது விருந்து.

கணுவுக்கு மேல் கால் அங்குலம் விட வேண்டும். ஒட்ட வெட்டினால் எங்கள் ஊர் வெயிலில் கணுவே காய்ந்துவிடும். நீளமாக விட்டால் அந்த மிச்சத் தண்டு கருகி, கருகல் கீழே இறங்க ஆரம்பிக்கும். வெட்டு சாய்வாக, கணுவுக்கு எதிர்ப்பக்கம் சரிய வேண்டும். காலையில் பூவைப் பறித்துக்கொண்டு சாயங்காலம்தான் வெட்டுகிறேன். அப்படி வெட்டிய இடத்திலிருந்து அடுத்த பூ வர ஏறத்தாழ ஆறு வாரம். எல்லாக் கிளையையும் ஒரே நாளில் வெட்டாமல் விட்டு விட்டு வெட்டினால் செடியில் எப்போதும் ஏதாவது பூ இருக்கும். சித்திரை வெயிலில் மட்டும் ஆழமாகக் கை வைக்க மாட்டேன். அப்போது தண்டுக்கு நிழலே இலைதான்.

கத்திரி விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். ஒரு வகையில் வெட்டும் அலகு தட்டையான பட்டை மேல் போய் இடிக்கும். அது காய்ந்த குச்சிக்கு, பச்சைத் தண்டை நசுக்கிவிடும். ரோஜாவுக்கு இரண்டு அலகும் உரசிப் போகும் வகை வேண்டும். அதிலும் கூரான அலகு செடியில் நிற்கப்போகும் தண்டின் பக்கம் இருக்க வேண்டும், கொக்கி அலகு விழப்போகும் துண்டின் பக்கம். திருப்பிப் பிடித்தால் நசுங்கிய தோல் செடியிலேயே தங்கிவிடும். பாதிப் பேர் இதைக் கவனிப்பதில்லை.

பூ வெட்டும் சின்ன வெட்டுக்கு மருந்து எதுவும் தேவையில்லை. கவாத்தில் வெட்டும் தடித்த தண்டுக்கு மட்டும் பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசை. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 10 கிராம், சுண்ணாம்பு 10 கிராம், தண்ணீர் 100 மில்லி. இரண்டையும் பாதிப் பாதித் தண்ணீரில் தனித்தனி பிளாஸ்டிக் குவளையில் கரைத்து, பிறகு சேர்ப்பது. தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பு ஆணியைக் கொஞ்ச நேரம் முக்கி எடுத்தால், செம்பு நிறம் ஒட்டியிருக்கக் கூடாது. ஒட்டினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. அன்றைக்கே பூசிவிட வேண்டும், எடுத்துவைத்தால் வீண். சாணி அப்பினாலே போதும் என்று எங்கள் சித்தப்பா சண்டைக்கு வருவார். அவர் செடியும் நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நர்சரிகள் மேல் ஒரு குறை. ஒட்டு ரோஜாக்களை இறுகிய களிமண் உருண்டையில் வைத்துத் தருகிறார்கள். அப்படியே நட்டால் வேர் அந்த உருண்டையைத் தாண்டவே தவிக்கும். வாளித் தண்ணீரில் ஊறவைத்து மண்ணைக் கரைத்துவிட்டு நடுவதுதான் நல்லது. பன்னீர் ரோஜாவைக் குச்சியிலிருந்து வளர்த்ததாகப் பார்த்து வாங்கினால் இன்னொரு வசதி: அடியிலிருந்து என்ன முளைத்தாலும் அதே செடி. ஒட்டுச் செடியில் ஒட்டுக்குக் கீழே முளைப்பது வேருக்காக வைத்த காட்டு ரோஜா, அதை ஓயாமல் கிள்ள வேண்டும்.

இலைப்பேன் இப்போது எட்டிப் பார்க்கிறது. மொட்டின் இதழ் ஓரம் தீய்ந்த மாதிரி பழுப்பாகிறது. நீல நிற ஒட்டும் அட்டை தொங்கவிட்டிருக்கிறேன், வேப்பெண்ணெயும் அடித்தாயிற்று. அது முழுசாக அடங்கவில்லை, அதற்குள் மனசு வேலிப் பக்கம் போய்விட்டது. கவாத்தில் விழுந்த பென்சில் பருமன் குச்சிகளை ஆற்று மணலில் ஊன்றி நிழலில் வைத்திருக்கிறேன், சிலது துளிர்த்திருக்கிறது. துளிரை நம்பக் கூடாது, வேர் இல்லாமலும் கொஞ்ச நாள் பச்சை காட்டும். வேர் பிடித்தவற்றை ஆடி மழை பார்த்து மேற்கு வேலியோரம் மீட்டருக்கு ஒன்றாக வைக்கலாம் என்று இருக்கிறேன். நடுவில் ஆந்திரா ரெட் என்ற ரோஜா ரகம் இரண்டு சேர்க்கலாமா என்று வீட்டில் பேச்சு. வாசனை இல்லாத ரோஜா எதற்கு என்பது என் கட்சி. பூ விளையும் நிலக்கோட்டைப் பக்கம் போகும்போது தோட்டத்துக்காரர் யாரிடமாவது கேட்டுவிட்டு முடிவு செய்ய வேண்டும்.