15 வேற்றுமையும் ஒரு டம்ளர் காபியும்

தம்பி மகன் பின்லாந்தில் துர்க்கு என்ற ஊரில் மேல்படிப்பு படிக்கிறான். வீடியோ காலில் வந்தாலே பின்னிஷ் இலக்கணத்தைப் பற்றிய புலம்பல்தான். "நமக்கு எட்டு வேற்றுமை அத்தை, இவங்களுக்கு 15!" திருவையாற்றுப் பிள்ளைகளுக்கு ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று ஓயாமல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். சும்மா இருப்பேனா? பாடநூலை அனுப்பச் சொன்னேன்.

15 என்பது பாதி மிரட்டல். அதில் மூன்று நான்கு பேச்சில் அபூர்வம். ஆறு வெறும் இடம் சொல்பவை. வீட்டுக்குத் 'தலோ' என்று பெயர். தலோஸ்ஸ என்றால் வீட்டுக்குள் இருப்பது, தலோஸ்த வெளியே வருவது, தலோன் உள்ளே போவது. மேலே, பக்கத்தில் என்றால் ல்ல, ல்த, ல்லெ. நம் 'இல்' பெட்டியிலும் இருக்கும், பாயிலும் இருக்கும். அவர்கள் இரண்டையும் பிரித்துவிட்டார்கள். கம்பளம் மத்தோ, கம்பளத்தின்மேல் மதோல்ல.

அந்த இரட்டைத் தகரம் ஒற்றையானதைப் பார்த்துத்தான் பையன் மிரண்டிருக்கிறான். "ஏன்டா, நாம மட்டும் வீடுல்னா சொல்றோம்? வீட்டில் தானே?" என்றேன். உருபு ஏறினால் நம் ஒற்று தடிக்கிறது, அவர்களுடையது இளைக்கிறது. 'துர்க்குவில்' என்பதற்குத் துருஸ்ஸ, ககரமே காணோம். ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை, பெயரடைக்கும் உருபு போடுகிறார்கள். 'பெரியதில் வீட்டில்' என்பது போல. தேவையா இது?

உண்மையான சிக்கல் பார்டிடிவ் என்ற வேற்றுமை. அதற்கு நன்னூலில் இடமில்லை. 'யோயின் கஹ்வின்' என்றால் காபியைக் குடித்து டம்ளரைக் காலி செய்தாயிற்று. 'யோயின் கஹ்வியா' என்றால் கொஞ்சம் காபி குடித்தேன், அல்லது குடித்துக்கொண்டிருந்தேன். இந்த இரண்டாவதுதான் பார்டிடிவ். அவன் இதை நம் 'ஐ' என்று நினைத்துக் குழம்பினான். 'காபியைக் குடித்தேன்' என்றால் எந்தக் காபி என்று தெரியும், முடித்தேனா என்று தெரியாது. அதற்குக் 'குடித்துவிட்டேன்' என்று வினையில் விடு சேர்க்கிறோம். நாம் வினையில் செய்வதை அவர்கள் பெயரில் செய்கிறார்கள். இப்படிச் சொன்ன பிறகுதான் அவனுக்குப் பிடிபட்டது. 'குடிக்கவில்லை' என்றால் எப்போதும் பார்டிடிவ்தான். குடிக்காத காபி முடிவது எங்கே? ஒன்றைத் தவிர மற்ற எண்ணுக்குப் பின்னாலும் அதுவே, அதுவும் ஒருமையில். 'மூணு வீடு' என்று நம் தெருவில் சொல்வதில்லையா, அப்படி.

அடுத்து பார்டிடிவின் பன்மை. மீன் கல, மீன்கள் கலோய. பூ குக்க, பூக்கள் குக்கிய. அகரத்தில் முடியும் ஈரசைச் சொல்லில் முதல் உயிர் ஒ, உ என்றால் கடைசி அகரம் கெடும், இல்லையென்றால் ஒகரமாகும். சூத்திரமாக எழுதி அனுப்பியிருக்கிறேன். அடுத்த காலில் ஒப்பிக்க வேண்டும்.