படகு இழுக்க ஒரு பழைய பிக்கப்

மாமாவின் படகும் டிரெய்லரும் சேர்ந்தால் 2 டன்னைத் தாண்டும், அதை இழுக்க பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் தேடி மூன்று வாரமாக அலைகிறேன். சிங்கப்பூரில் முதல் கேள்வி, சிஓஇ (வண்டி வைத்திருக்க அரசு குறிப்பிட்ட காலத்துக்குத் தரும் சான்றிதழ்) எத்தனை வருடம் மிச்சம் என்பதுதான். அப்புறம் இழுவைத் திறன்: விற்பவர் பெருமையாகச் சொல்லும் 3,500 கிலோ, டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால் மட்டுமே, இல்லையென்றால் பெரும்பாலும் 750 கிலோதான், இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள். ஈரச் சரிவில் படகை மேலேற்ற லோ ரேஞ்ச் கியர் (வேகம் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கியர்) கட்டாயம் வேண்டும். உப்புத்தண்ணீர் பட்ட வண்டியா, டார்ச்சோடு அடியில் படுத்து சேஸிஸ் துருவைப் பாருங்கள். ஆட்டோ கியர் எண்ணெயில் கருகிய வாடை வந்தால் விட்டுவிடுங்கள். நேற்று பார்த்த இசுசு டி-மேக்ஸ் பிக்கப் எனக்குப் பிடித்திருக்கிறது, சனிக்கிழமை மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு மறுபடி போகிறேன்.