ஒரு துண்டு சவுக்காரம்

பீக்கோ ட்ரெயில் என்ற மலையக நடைபாதை கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது. 300 கிலோமீட்டருக்கு மேல், மொத்தம் 22 கட்டங்கள். வெள்ளைக்காரர் காலத்துத் தோட்டப் பாதைகளில்தான் பெரும்பாலும் நடக்க வேண்டும். முதல் நாள் கலஹா வரை சுகமாக வந்துவிட்டேன். எழுத வேண்டியது இரண்டாம் நாளைப் பற்றி.

அன்று போக வேண்டிய இடம் லூல்கந்துர. இலங்கைத் தேயிலைத் தொழிலைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட தோட்டம். அவர் உட்கார்ந்து மலையைப் பார்த்த கல் இருக்கை இன்னும் அங்கே இருக்கிறது. அதைப் பார்க்கும் ஆசையில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்பியிருந்தேன்.

மதியத்துக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. போன் நனைந்து அணைந்துவிட்டது. பாதை மூன்றாகப் பிரிந்த இடத்தில் நன்றாகத் தேய்ந்திருந்த தடத்தில் இறங்கினேன். அது தேயிலைச் செடிகளுக்குள் போய் முடிந்தது. குனிந்து பார்த்தால் கால் முழுக்க அட்டை, சப்பாத்துக்குள் இரத்தம். உண்மையாகவே பயந்துபோனேன்.

"தம்பி, அங்கிட்டுப் போகாதீங்க, கான் இருக்கு!"

கான் என்றால் மழைத் தண்ணீர் ஓடும் வடிகால். மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா, கூடையோடு சரிவில் இறங்கி வந்தார். மடியிலிருந்து ஒரு துண்டு சவுக்காரம் எடுத்து, மழைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தார். "நல்லாத் தேய்ங்க, ஒட்டாது." அப்புறம் இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து என் தோளில் போட்டார். செடி கீறாமல், ஈரம் ஏறாமல் காப்பதற்கு அவர்களுக்கு இருப்பது அது ஒன்றுதான்.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்துக்குக் கூட்டிப்போனார். என் பேரைக்கூடக் கேட்கவில்லை. அடுப்பில் சுட்ட ரொட்டி, கட்டச் சம்பல், சீனி தூக்கலாக ஒரு பிளேன்டீ. அந்தச் சூடு உள்ளே இறங்கியதும் அழுகை வரப் பார்த்தது.

"இதை வச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்று காசை நீட்டினேன்.

"காசுக்கா கூப்பிட்டோம்? சாப்பிடுங்க தம்பி." எனக்கு வழிகாட்டும்படி மகனிடம் சொல்லிவிட்டு, படங்கு இல்லாமலே அந்த மழையில் மறுபடி மலையேறிவிட்டார். நான் இரண்டாவது பிளேன்டீயும் குடித்தேன்.

பையனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். நடந்துகொண்டே சொன்னான்: ஒரு நாளைக்கு 18 கிலோ பறிக்க வேண்டும், குறைந்தால் பாதிச் சம்பளம்தான். "அம்மாவுக்கு இன்னைக்கு அரைப்பேர்தான்." வருத்தமாகவோ குறையாகவோ சொல்லவில்லை, மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னான். எனக்குக் கால் ஓடவில்லை. அந்த இரண்டாவது கோப்பை இன்றைக்கும் உறுத்துகிறது. யாரோ ஒருவனின் காலில் அட்டை கடித்ததற்காக அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர், அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை.

தார் ரோடு வந்ததும், "இதுல நேரா போங்க அண்ணே" என்றான். படங்கை மடித்துக் கொடுத்து, "அம்மாட்டக் கெதியாக் குடு" என்றேன். தலையில் போட்டுக்கொண்டு ஓடினான்.

கல் இருக்கையை மறுநாள் காலையில் பார்த்தேன். பையில் சவுக்காரத் துண்டு இருந்தது. அங்கே நின்றுகொண்டு, எந்தப் பக்கம் அந்த லயத்தின் தகரக் கூரை தெரியும் என்று வெகுநேரம் தேடினேன். பனிமூட்டம் விலகவே இல்லை.