புரட்டாசி முடியும் வரை

செப்டம்பர் 28, ஞாயிறு

வால்பாறையில் விடாத மழை. எட்டாம் வகுப்பு விடைத்தாள் கட்டைப் பிரிக்கவேயில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

கூழாங்கல் ஆற்றில் பாப்பாவின் செருப்பு போய்விட்டது. பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கி அதை மீட்டுக் கொடுத்தவர் தூத்துக்குடிக்காரர், மருந்துக்கடை வைத்திருக்கிறார். இருவாச்சிப் பறவை பார்ப்பதற்காகத் தனியாக வந்து, எங்கள் விடுதியிலேயே கீழறையில் தங்கியிருக்கிறார். மாமா நன்றி சொன்ன கையோடு எந்த ஊர் என்றார், அடுத்து என்ன ஆட்கள் என்றார். அவர் ஊரை மட்டும் சொல்லிவிட்டு, பாப்பாவின் காலில் அட்டை ஏறியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். ஏறியிருந்தது. உப்புப் பொட்டலம் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

செப்டம்பர் 30, செவ்வாய்

காலையில் வராந்தாவில் உட்கார்ந்து தொலைநோக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். புதுத்தோட்டம் வரை நடக்கப் போகிறாராம். நானும் வரட்டுமா என்று கேட்டேன். அக்கா இன்னும் எழுந்திருக்கவில்லை.

சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடந்தன. ஒரு தாய் வயிற்றில் குட்டியை ஒட்டிக்கொண்டு நடுச்சாலையில் நின்று எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. இருவாச்சி கண்ணில் படவில்லை. அவர் அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, அலகு நுழையும் கீற்றை மட்டும் விட்டு வாசலைப் பூசி அடைத்துவிடுமாம். உள்ளே இருக்கையில் இறகுகளையும் உதிர்த்துவிடும். ஆண் பறவை அத்திப்பழம் கொண்டுவந்து அந்தக் கீற்று வழியாக ஊட்டும். வாரக்கணக்கில், நாள் தவறாமல்.

"அது வராவிட்டால்?" என்று கேட்டேன்.

"ஆண் பறவை வேட்டையில் செத்துப்போனால் உள்ளே இருப்பவை பிழைப்பது கடினம் டீச்சர்" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் கட்டாயம் வரும் என்று சொல்லியிருப்பார்கள். என்னைத் தேற்றுவதற்காக அவர் பொய் சொல்லவில்லை. இது எனக்கு எவ்வளவு பிடித்தது என்று எழுதத் தெரியவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மாமா காருக்குச் சந்தனம் பூசினார். பொரியும் சுண்டலும் கீழறைக்கு நான்தான் கொண்டுபோனேன்.

சாயங்காலம் தூத்துக்குடிக்காரரோடு எஸ்டேட் சாலையில் திரும்பி வரும்போது கம்பத்தில் சிவப்பு விளக்கு மினுங்கத் தொடங்கியது. பக்கத்தில் யானை நிற்கிறது என்று அர்த்தம். தோட்டத் தொழிலாளர்களோடு ஒரு கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். விளக்கு வருவதற்கு முன்னால் இருட்டில் நேருக்கு நேர் போய் நின்றிருக்கிறோம் என்று ஒரு பாட்டி சொன்னார். எங்கோ கிளை முறிந்தது. தூத்துக்குடிக்காரர் என் கையைப் பிடித்தார். விளக்கு அணைந்து, எல்லோரும் நடக்கத் தொடங்கிய பிறகும் அவர் விடவில்லை, நானும் விடவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

சந்தோஷமாக இருக்கிறேன்.

அக்டோபர் 3, வெள்ளி

காலை பஸ்ஸில் போய்விட்டார். ஏறுவதற்கு முன், உங்கள் அப்பாவை வந்து பார்க்கட்டுமா என்று கேட்டார். ஐப்பசி பிறப்பதற்குள் சொல்கிறேன் என்றேன். பிறகு, நான் கேட்காமலே, தன் சாதியைச் சொன்னார். தெரிந்துகொண்டு முடிவெடுங்கள் என்றார். அதை இங்கே எழுதப்போவதில்லை.

அக்டோபர் 4, சனி

புரட்டாசிச் சனி, கருமலை பாலாஜி கோவிலில் நல்ல கூட்டம். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். பிறகு 40 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கினோம். ஒன்பதாவது வளைவுக்கருகில் வரையாடுகளைப் பார்த்துப் பாப்பா கத்தினாள்.

பொள்ளாச்சி தாண்டி உடுமலை. பேருந்து நிலையத்தருகே நெரிசலில் கார் நின்றது. 2016 மார்ச் 13. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டதற்காகச் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். பட்டப்பகல், இத்தனை பேர் நடமாடுகிற இதே இடம். மாமா கண்ணாடியை இறக்கி இளநீர் விலை கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கை நடுங்கியது. தாராபுரம் வரும் வரை வாய் திறக்கவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது.

அக்டோபர் 7, செவ்வாய்

வெள்ளகோவில் பக்கமிருந்து ஒரு ஜாதகம். கூட்டம் (குலம்) வேறு, பொருத்தம் இருக்கிறது, தோட்டத்தில் கிணறு வற்றியதே இல்லையாம். "புரட்டாசி கழியட்டும் அம்மிணி, ஐப்பசி பிறந்ததும் வரச் சொல்லலாம்" என்றார் அம்மா. தட்டைக் கழுவிவிட்டுப் படுத்துவிட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. மலையில் நடந்ததை மலையோடு விட்டுவிடு கண்ணு என்றாள் போனில்.

ஏன் விடவேண்டும்? ஒரு ஜாதகத்தைப் பார்த்து, ஒருமுறை காபி கொடுத்து, ஆயுசு முழுவதற்கும் சரி என்று தலையாட்டினால் அது நிதானம். ஒரு மனிதன் குழந்தையின் காலிலிருந்து அட்டையை எப்படி எடுக்கிறான், பாட்டி பேசும்போது எப்படிக் காது கொடுக்கிறான், கேட்ட கேள்விக்கு உண்மை சொல்கிறானா என்றெல்லாம் பார்த்துப் பிடித்துப்போனால் அது விடுமுறை மயக்கமா? சில நாட்கள்தான், சரி. அந்த நாட்களில் நான் பார்த்ததெல்லாம் பொய்யாகிவிடாது. அக்காவிடம் இதைச் சொல்லத் தொடங்குவதற்குள் மாமா பக்கத்தில் வந்துவிட்டார், போனை வைத்துவிட்டாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

வாசலை அடைப்பது பெண் பறவை. உடைத்துக்கொண்டு வெளியே வருவதும் அதுதான்.

அக்டோபர் 14, செவ்வாய்

இரவு கடை அடைத்துவிட்டுக் கூப்பிட்டார். பதில் கேட்கவில்லை. மழை பெய்கிறதா என்று மட்டும் கேட்டார். இங்கே இன்னும் இல்லை என்றேன். அவருக்கு ஏதாவது நேர்ந்தால் என்ற நினைப்பு படுத்தபிறகு வந்தது, விடியும் வரை போகவில்லை. அவர் காங்கேயம் பஸ் நிலையத்தில் வந்து இறங்குவதை நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

அக்டோபர் 17, வெள்ளி

அப்பா பகல் முழுவதும் கொறங்காட்டில், மாடு மேயும் நிலத்தில், கிளுவை முள்வேலியைச் சரிசெய்துகொண்டிருந்தார். முள் கிழித்த கைக்கு நான்தான் மஞ்சள் வைத்துக் கட்டினேன். அப்போதே சொல்லியிருக்கலாம், பண்ணையத்து ஆள் நின்றுகொண்டிருந்தார்.

நாளை ஐப்பசி. தரகர் காலையிலேயே வருகிறார். தூத்துக்குடிக்காரரை இங்கே வரச்சொல்லி அப்பா முன்னால் நிறுத்த மாட்டேன். முதலில் நான் சொல்கிறேன், என் வாயால், வருகிற கோபம் என்மேல் வரட்டும். அப்பா சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா மாட்டுக்குச் சோளத்தட்டு போடப் போயிருக்கிறார். இப்போதே போகிறேன். பிறகு தூத்துக்குடிக்குப் போனில் பேசிக்கொள்ளலாம்.