சர்வாதிகார ஆட்சிக்கு எதிராக வெளிநாடு தலையிடலாமா: இந்தக் கேள்விக்குத் தேர்வில் விடை எழுதும் முறை

இந்தத் தலைப்பைப் பார்த்ததும் பெரும்பாலோர் ஜனநாயகத்தின் பெருமையைப் பாடி ஒரு பக்கத்தை நிரப்பிவிடுகிறார்கள். மதிப்பெண் அங்கேயே கசியத் தொடங்குகிறது. கேள்வியின் முடிச்சு ‘தலையீடு’ என்ற சொல்லில் இருக்கிறது. தூதரைத் திரும்ப அழைப்பதும் தலையீடு, ஆட்சியாளரின் வங்கிக் கணக்கை முடக்குவதும் தலையீடு. முழுப் பொருளாதாரத் தடை, கிளர்ச்சியாளருக்கு ஆயுதம், வான்தாக்குதல், தரைப்படை எல்லாமே அந்த ஒரே சொல்லுக்குள் அடக்கம். இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரத் தேர்வானால் இந்தப் பிரிப்புக்கும் குறிப்பெடுப்புக்கும் 10 நிமிடம் ஒதுக்கலாம்.

அடுத்தது சட்டம். ஐ.நா. சாசனத்தின் 2(4) பிரிவு, பிற நாட்டின் மீது படைபலம் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. சாசனமே தரும் விலக்குகள் இரண்டு: 51ஆம் பிரிவின் தற்காப்பு உரிமை, 7ஆம் அத்தியாயத்தின்படி பாதுகாப்பு அவை தரும் அனுமதி. உள்நாட்டு விவகாரத்தில் தலையிடக் கூடாது என்னும் 2(7) பிரிவைப் பலரும் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். 7ஆம் அத்தியாய நடவடிக்கைகளுக்கு அது தடையில்லை என்று அதே பிரிவின் கடைசி வரி சொல்கிறது. அந்த வரியையும் சேர்த்து எழுதினால் நீங்கள் சாசனத்தைப் படித்தவர் என்பது தெரியும்.

2005 உலக உச்சிமாநாட்டு ஆவணத்தின் 138, 139ஆம் பத்திகள் ‘பாதுகாக்கும் பொறுப்பு’ என்ற கோட்பாட்டைத் தருகின்றன. அது பேசுவது நான்கு குற்றங்களை மட்டும்: இனப்படுகொலை, போர்க்குற்றம், இனச்சுத்திகரிப்பு, மானுடத்துக்கு எதிரான குற்றங்கள். சர்வாதிகாரம் அந்தப் பட்டியலில் இல்லை. தேர்தல் நடத்தாத ஆட்சியையும், மக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் ஆட்சியையும் ஒன்றாகக் குழப்புவதுதான் இந்தத் தலைப்பில் நிகழும் மிகப் பெரிய பிழை. இந்த வேறுபாட்டை நன்றாகப் பிடித்துக்கொண்டால் விடையின் பாதி தானே அமைந்துவிடும்.

உதாரணம் மூன்று போதும், ஆனால் ஒன்றையாவது ஆழமாக எழுத வேண்டும். அதற்கு லிபியாவே பொருத்தம். 2011 மார்ச் 17 அன்று பாதுகாப்பு அவையின் 1973ஆம் எண் தீர்மானம் 10 வாக்குகளோடு நிறைவேறியது. எதிர்ப்பு வாக்கு இல்லை. ரஷ்யா, சீனா, இந்தியா, பிரேசில், ஜெர்மனி ஐந்தும் வாக்களிக்காமல் ஒதுங்கின. தீர்மானம் அனுமதித்தது பொதுமக்களின் பாதுகாப்புக்கான நடவடிக்கையையும் விமானம் பறக்கத் தடையையும்தான். அந்நிய ஆக்கிரமிப்புப் படை கூடாது என்றும் அதில் உண்டு. கிளர்ச்சியாளர் வசமிருந்த பென்காசி நகர் மீதான உடனடி ஆபத்து விலகிய பின்னும் நேட்டோ கூட்டணியின் வான்தாக்குதல் நீண்டது. அக்டோபரில் லிபியாவை ஆண்ட கடாபி கொல்லப்பட்டார். 2014இல் நாடு இரு போட்டி அரசுகளாகப் பிளந்தது. இதன் விலையை மற்றவர்களும் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லத் தவறாதீர்கள். கடாபி இறந்த அதே 2011 அக்டோபரில் சிரியா குறித்த வரைவுத் தீர்மானத்தை ரஷ்யாவும் சீனாவும் வீட்டோவால் வீழ்த்தின. அனுமதியின் எல்லை மீறப்பட்டது என்ற லிபியா அனுபவம் அவர்களுக்கு வாதமாகப் பயன்பட்டது. 1973 என்பது தீர்மானத்தின் எண். அதை ஆண்டாக எழுதிவிட்டால் சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த 1973உடன் விடை குழம்பிப் போகும்.

மறுபக்கத்துக்கு ருவாண்டா. 1994இல் ஏறக்குறைய 100 நாளில் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். ஐ.நா. படை அங்கே ஏற்கெனவே இருந்தது. படுகொலை தொடங்கிய இரண்டே வாரத்தில், அதை ஏறத்தாழ 270 பேராகக் குறைக்கப் பாதுகாப்பு அவை முடிவு செய்தது. வெளியிலிருந்து படையெடுப்பதா என்ற கேள்விக்கு முன்பே, இருந்த படையை ஏன் விலக்கினார்கள் என்ற கேள்வி அங்கே நிற்கிறது. தலையிடாமல் இருப்பதும் ஒரு முடிவுதான் என்று நிறுவ இதைவிட வலுவான சான்று கிடைப்பது கடினம்.

மூன்றாவதாக, பலர் தொடாத மேற்கு ஆப்பிரிக்க நாடு காம்பியா. 2016 டிசம்பர் தேர்தலில் தோற்ற அதிபர் யாஹ்யா ஜாம்மே முதலில் முடிவை ஏற்று, பிறகு மறுத்தார். வென்ற அடாமா பாரோ 2017 ஜனவரி 19 அன்று செனகல் தலைநகர் டாக்கரில் உள்ள காம்பியத் தூதரகத்தில் பதவியேற்றார். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டுப் படை எல்லை தாண்டியது. இரண்டு நாளில் ஜாம்மே நாட்டை விட்டு வெளியேறினார். தெளிவான தேர்தல் முடிவு, வென்றவரின் ஒப்புதல், அண்டை நாடுகளின் ஒற்றுமை, சிறிய இலக்கு ஆகிய நான்கும் சேர்ந்ததால் அது நடந்தது. பாதுகாப்பு அவையின் 2337ஆம் தீர்மானம் படைபலத்துக்கு வெளிப்படையாக அனுமதி தரவில்லை, ‘ஐ.நா. அனுமதித்த போர்’ என்று எழுதினால் தவறு.

பொருளாதாரத் தடைக்கு ஒரு சிறு பத்தி போதும். 1990 முதல் ஈராக் மீதிருந்த முழுத் தடை மக்களை வாட்டியது. பங்கீட்டுப் பொருளுக்கு அரசையே நம்பியிருந்ததால் ஆட்சியின் பிடி தளரவில்லை. தனிநபர் சொத்து முடக்கம், பயணத் தடை போன்ற குறிவைத்த தடைகளின் பக்கம் உலகம் திரும்பியது அதன் பிறகுதான்.

வல்லரசுகள் தங்கள் நட்பு நாடுகளின் கொடுமையைக் கண்டுகொள்வதில்லை என்ற மறுப்பு உண்மையானது. அதை மழுப்பாமல் எழுதுங்கள். ஆனால் ஓரிடத்தில் காப்பாற்றத் தவறியதால் இன்னோரிடத்திலும் காப்பாற்றக் கூடாது என்ற முடிவு அதிலிருந்து வராது. கடைசிப் பத்தியில் எந்தக் குற்றம் நடந்தால், யாருடைய அனுமதியோடு, எந்த அளவு வரை என்று உங்கள் வரம்பை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். ‘காலம்தான் பதில் சொல்ல வேண்டும்’ என்று முடிப்பவருக்கு அந்தப் பத்தியில் மதிப்பெண் கிடைக்காது.